டெண்டல் அசிஸ்டன்ட் வேலையிலிருந்து அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

பல்லவி_டாலஸ் | மார்ச் 4, இரவு 10:40

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

என் கதை இங்கே பலருக்கும் தெரிந்த கதைதான். ஊரில் பிடிஎஸ் (பல் மருத்துவப் பட்டம்), இரண்டு வருடம் கிளினிக், கல்யாணம், எச்4 (கணவரைச் சார்ந்த விசா), ஈஏடி என்கிற வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை வீட்டுக்குள். அப்புறம் டாலஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் டெண்டல் அசிஸ்டன்ட். ஆறு வருடம் ஓடிவிட்டது. டிடிஎஸ் (இங்கத்திய பல் மருத்துவப் பட்டம்) அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்குக்கு, அதாவது வெளிநாட்டில் படித்தவர்களைச் சேர்க்கும் படிப்புக்கு, இரண்டு முறை விண்ணப்பித்தேன். சின்னவள் பிறந்த பிறகு அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை.

எங்கள் கிளினிக்குக்கு ஒரு பயிற்சிப் பள்ளி மாணவிகளை எக்ஸ்டர்ன்ஷிப்புக்கு (நேரடிப் பயிற்சிக்கு) அனுப்பும். போன வாரம் அவர்களைப் பார்க்க வந்த பொறுப்பாளர், நான் ஒரு பெண்ணுக்கு எக்ஸ்ரே சென்சார் வைக்கக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்களிடம் வந்து சொல்லிக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வாரம் மூன்று மாலை, மணிக்கு 29 டாலர். இப்போது வாங்குவது 24.

ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. என் பிடிஎஸ் இதற்குச் செல்லுமா? சிடிஏ (டெண்டல் அசிஸ்டன்ட் சான்றிதழ்) இல்லை, டெக்சாஸில் எக்ஸ்ரே எடுக்க வாங்கிய பதிவு மட்டும் இருக்கிறது. இந்தப் பள்ளி கோடா (பல் மருத்துவப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்றது அல்ல, 12 வாரப் படிப்பு. அதனால் ஏதாவது பிரச்சினையா? எல்லாவற்றையும் விட, வகுப்பு எடுத்துப் பழக்கமே இல்லையே.


ராம்கி_மோலார் | மார்ச் 4, இரவு 11:25

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வருடம் படித்த டாக்டர் நீங்கள். அசிஸ்டன்ட்டாக இருப்பதே இறக்கம், அதற்குள்ளேயே இன்னும் வேரூன்றப் போகிறீர்களா? தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்கில், நாடு முழுக்க அசிஸ்டன்ட்டின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 46,540 டாலர். இன்ஸ்ட்ரக்டருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். டிடிஎஸ் முடித்தால் எங்கே போய் நிற்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் 38 வயதில்தான் சேர்ந்தேன்.


பல்லவி_டாலஸ் | மார்ச் 5, காலை 6:50

ராம்கி சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் கேட்டது அந்தக் கேள்வி இல்லை.


மூணுமணி_நாற்காலி | மார்ச் 5, மதியம் 1:15

பல்லவி, நல்ல கேள்வி. நானும் பிடிஎஸ்தான். நான்கு வருடம் சேர்சைடில் (நாற்காலிக்குப் பக்கத்தில் டாக்டருக்கு உதவும் வேலையில்) இருந்துவிட்டு, கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் 11 வருடமாக டெண்டல் அசிஸ்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். டிடிஎஸ் பற்றி ராம்கி சொல்வது பொய்யில்லை. அது வேறு பாதை, அவ்வளவுதான்.

முதலில் தாள் வேலை. சிடிஏ இல்லையென்றால் அதை இப்போதே ஆரம்பியுங்கள். டான்ப் என்கிற தேசிய வாரியம் நடத்தும் சான்றிதழ் அது. மூன்று தேர்வுகள்: கதிர்வீச்சுப் பாதுகாப்பு, தொற்றுக் கட்டுப்பாடு, பொது சேர்சைடு. மூன்றையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் முடித்தால் போதும். நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே பல் மருத்துவப் பட்டம் வாங்கியவர்களுக்கு மூன்றாவது வழி என்று தனியாக ஒன்று இருக்கிறது. பட்டமும், செல்லுபடியாகும் சிபிஆர் (உயிர்காப்பு முதலுதவி) அட்டையும் இருந்தால் தேர்வு எழுதலாம், 3,500 மணி நேர வேலைக் கணக்கைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். தேறிய பிறகு வருடத்துக்கு 12 தொடர்கல்வி மதிப்பெண்கள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

பட்டத்தைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கோடா அங்கீகாரம் உள்ள இடங்களில் தியரி எடுப்பவரிடம் இளங்கலைப் பட்டம் கேட்பார்கள், அல்லது அதற்குச் சேர்ந்து படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். நல்ல கையுள்ள எத்தனையோ அசிஸ்டன்ட்கள் அந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். பிடிஎஸ் உங்களுக்கு அந்தக் கதவைத் திறந்துவிடும்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எங்கள் மாநிலத்தில் ஆர்டிஏ (பதிவு பெற்ற டெண்டல் அசிஸ்டன்ட்) படிப்பு நடத்தும் இடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் கற்பிக்கும் முறை பற்றி 30 மணி நேரப் பயிற்சி, அதோடு மாணவர் செய்முறைக்கு மதிப்பெண் போடுவது எப்படி என்று தனியாக இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை முதலில் கேலி செய்தேன். இப்போது யாராவது கேலி செய்தால் சண்டைக்குப் போவேன்.

டெக்சாஸில் தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளிகளுக்கு உரிமம் தருவது மாநில வேலைவாய்ப்பு ஆணையம். அந்த உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடா இல்லாதது குற்றமில்லை. ஆனால் வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். கோடா படிப்பு என்றால் குறைந்தது 900 மணி நேரம், அதில் 300 மணி நேரம் நிஜ நோயாளிகளோடு. அதை முடித்த பெண் நேராக சிடிஏ தேர்வுக்குப் போகலாம். உங்கள் 12 வாரப் பள்ளியில் படிப்பவள் முதலில் 3,500 மணி நேரம் வேலை பார்த்தாக வேண்டும். சேரும்போதே அவளுக்கு இது தெரியுமா? சேர்க்கைப் பிரிவில் இருப்பவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்வீர்களா? அங்கே போவதற்கு முன்னால் இதை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு எடுப்பது பற்றி இரவு எழுதுகிறேன். லேப் ஆரம்பிக்கப் போகிறது, ஆறு பேர் ஆல்ஜினேட்டோடு (பல் அச்சு எடுக்கும் மாவு) காத்திருக்கிறார்கள்.


கனி_நியூஜெர்சி | மார்ச் 5, மாலை 4:02

அக்கா, ஒரு சின்ன சந்தேகம். நான் எச்4, ஈஏடி இன்னும் இல்லை. சம்பளம் இல்லாமல் தன்னார்வமாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கலாமா? அனுபவமாவது சேருமே.


மூணுமணி_நாற்காலி | மார்ச் 5, இரவு 9:30

கனி, மற்றவர்களுக்குச் சம்பளம் தரும் வேலையை நீ சும்மா செய்தாலும் அது வேலைதான் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வக்கீலைக் கேட்காமல் செய்யாதே. ஆனால் சிடிஏ தேர்வுக்குப் படிப்பதை யாரும் தடுக்க முடியாது. ஈஏடி வருகிற அன்று சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

பல்லவி, இப்போது உங்கள் கடைசிக் கேள்வி.

நாம் ஊரில் எப்படிப் படித்தோம்? மிரரைப் பிடிப்பதும் நாம், ஹேண்ட்பீஸைப் (பல்லைக் குடையும் கருவி) பிடிப்பதும் நாம், நோயாளியை எழுந்து துப்பச் சொல்வதும் நாம். ஒரு அசிஸ்டன்ட்டோடு சேர்ந்து வேலை செய்ய யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. இங்கே 1960களிலேயே அரசு பணம் கொடுத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் நான்கு கை முறையை, அதாவது டாக்டரும் அசிஸ்டன்ட்டும் சேர்ந்து வேலை செய்வதைச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அதனால் பிடிஎஸ் படித்துவிட்டு இன்ஸ்ட்ரக்டராக வருகிறவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: டாக்டரின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அசிஸ்டன்ட் வேலையைச் சொல்லிக்கொடுப்பார்கள். கேவிட்டி தயாரிப்பைப் பற்றி (ஃபில்லிங்குக்காகப் பல்லைக் குடைவது) நாற்பது நிமிடம் பேசுவார்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது, பர் (குடையும் முனை) சுழல ஆரம்பிப்பதற்கு ஒரு நொடி முன்னால் தன் சக்‌ஷன் முனை எங்கே இருக்க வேண்டும் என்பது.

நோயாளியின் முகத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள், நெற்றிப்பக்கம் 12. வலதுகை டாக்டருக்கு 7 முதல் 12 வரை. அசிஸ்டன்ட்டுக்கு 2 முதல் 4 வரை. கருவிகள் கைமாறுவது 4க்கும் 7க்கும் நடுவில், அதாவது முகத்துக்கு நேர் மேலே இல்லை, மோவாய்க்குக் கீழே. அசிஸ்டன்ட்டின் ஸ்டூல் டாக்டருடையதைவிட நாலைந்து அங்குலம் உயரம், இல்லையென்றால் வாய்க்குள் பார்க்க முடியாது. என் பெயரில் இருக்கும் மூன்று மணி அந்த இடம்தான். இன்ஸ்ட்ரக்டர் ஆன முதல் வருடம், ஒவ்வொரு டெமோவுக்கும் நான் என்னை அறியாமல் 11 மணியில் போய் உட்காருவேன். எங்கள் பொறுப்பாளர் அம்மா, முப்பது வருடம் அசிஸ்டன்ட்டாக இருந்தவர், ஒன்றும் சொல்லாமல் என் ஸ்டூலைக் காலால் தள்ளி மூன்று மணிக்குக் கொண்டுவந்து விடுவார்.


ராம்கி_மோலார் | மார்ச் 6, காலை 7:10

நாற்காலி மேடம் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இங்கே கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் என் அசிஸ்டன்ட் கருவியை நீட்டிக்கொண்டே இருந்தார், நான் பார்க்காமல் ட்ரேயில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். "டாக்டர், கையை மட்டும் கொடுங்கள், கண்ணை எடுக்காதீர்கள்" என்றார். அது எனக்குப் பழகவே நாலு மாதம் பிடித்தது.


ஹைஜீன்_ஹேமா | மார்ச் 6, இரவு 8:45

நான் ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்பவர்). பகுதிநேரமாக இரண்டு குறுகிய காலப் பள்ளிகளில் தொற்றுக் கட்டுப்பாடு எடுத்திருக்கிறேன். ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்றில் 14 மாணவிகளுக்கு ஒரே நாற்காலி, அந்த நாற்காலியிலும் தண்ணீர் வராது. ஆட்டோகிளேவ் (கருவிகளைக் கிருமி நீக்கும் இயந்திரம்) அலங்காரத்துக்கு. அது கிருமிகளைக் கொல்கிறதா என்று பார்க்கும் வாராந்திர ஸ்போர் டெஸ்ட் எங்கே என்று கேட்டேன், "நாம் நோயாளிகளைப் பார்ப்பதில்லையே" என்றார்கள். பதிவேட்டில் தேதியும் முடிவும் எழுதுகிற பழக்கம் அங்கே வராவிட்டால் வேறு எங்கே வரும்? இரண்டு மாதத்தில் விலகிவிட்டேன்.

பல்லவி, ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு மாலை போய் லேபைப் பாருங்கள். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர் என்று எண்ணுங்கள். குப்பைத்தொட்டியையும் பாருங்கள்: பயன்படுத்திய ஆல்ஜினேட், மெழுகு, கிழிந்த மேட்ரிக்ஸ் பேண்ட் (ஃபில்லிங்கின்போது பல்லைச் சுற்றி வைக்கும் மெல்லிய பட்டை) எல்லாம் கிடந்தால் அங்கே பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக இருந்தால் யோசியுங்கள்.


மூணுமணி_நாற்காலி | மார்ச் 6, இரவு 10:05

ஹேமா சொன்ன குப்பைத்தொட்டி விஷயம் அருமை, நான் திருடிக்கொள்கிறேன்.

எண்ணிக்கை பற்றி என் அனுபவம் ஒன்று. கோடா விதிப்படி லேபிலும் கிளினிக்கிலும் ஆறு மாணவருக்கு ஓர் இன்ஸ்ட்ரக்டர். இது ஏதோ பணம் பிடுங்கும் விதி என்று நினைத்திருந்தேன். என் மூன்றாவது வருடம், உடன் இருக்க வேண்டியவர் வரவில்லை, நான் ஒருத்தியே ஒன்பது பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசிக்கு மூடி போடுவதை ஒருகையால்தான் செய்ய வேண்டும், மூடியை ட்ரேயில் வைத்து ஊசியால் கோரி எடுக்க வேண்டும் என்று காலையில்தான் காட்டியிருந்தேன். அறையின் மறுமூலையில் ஒருத்தி இரண்டு கையாலும் மூடப் போனதைப் பார்த்து, அங்கிருந்தே "நோ!" என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள், ஊசி கட்டைவிரலில். பயன்படுத்தாத ஊசி, பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் குத்தியது என் குரல்தான். அன்றிலிருந்து லேபில் நான் தூரத்திலிருந்து பேசுவதில்லை. நடந்து பக்கத்தில் போய்த்தான் பேசுவேன்.


பல்லவி_டாலஸ் | மார்ச் 21, இரவு 11:50

எல்லோருக்கும் நன்றி. டான்ப் விண்ணப்பம் போட்டாயிற்று, மூன்றாவது வழியில்தான். பள்ளியைப் போய்ப் பார்த்தேன். இரண்டு நாற்காலி, இரண்டிலும் தண்ணீர் வருகிறது. எட்டு மாணவிகள், ஓர் இன்ஸ்ட்ரக்டர், ஓர் உதவியாளர். குப்பைத்தொட்டி அழுக்காக இருந்தது ஹேமா!

நேற்று டெமோ வகுப்பு எடுத்தேன். சொதப்பிவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

தலைப்பை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தூக்கத்தில்கூடச் செய்வேன் என்று டோஃபில்மயர் ரிடெய்னரில் (பேண்டைப் பிடித்து இறுக்கும் கருவி) மேட்ரிக்ஸ் பேண்ட் மாட்டுவதை எடுத்துக்கொண்டேன். இருபது வினாடியில் மாட்டிக் காட்டினேன். "இப்போது நீங்கள் செய்யுங்கள்" என்றேன். எட்டுப் பேரில் ஏழு பேர் தலைகீழாக மாட்டினார்கள். ஒருத்தி கேட்டாள், "எந்தப் பக்கம் கீழே வரணும், எப்படித் தெரியும்?" நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "பார்த்தாலே தெரியும்." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து டைனிங் டேபிளில் உட்கார்ந்து, என் கை என்ன செய்கிறது என்று நானே மெதுவாகப் பார்த்தேன். பேண்டை மடித்தால் ஒரு வாய் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். பெரியது கடிக்கும் பரப்பைப் பார்த்து, சிறியது ஈறைப் பார்த்து. ரிடெய்னர் தலையில் இருக்கும் வெட்டுகளின் திறந்த பக்கமும் ஈறைப் பார்த்து இருக்க வேண்டும். ஏன்? அப்போதுதான் ஃபில்லிங் முடிந்ததும் பேண்டைப் பல்லிலேயே விட்டுவிட்டு ரிடெய்னரை மட்டும் மேலே தூக்கிக் கழற்ற முடியும். இந்த "ஏன்" எனக்குத் தெரியும், ஆனால் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. நான் 11 படிகள் எண்ணினேன். வகுப்பில் மூன்றுதான் சொல்லியிருந்தேன்.

இன்னொன்று. டெமோ முழுக்க நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் தெரியுமா நாற்காலி அக்கா? சரியாக 11 மணியில்.


மூணுமணி_நாற்காலி | மார்ச் 22, காலை 7:35

சிரித்துச் சிரித்துக் காப்பி சிந்திவிட்டது. அந்த டைனிங் டேபிள் வேலை இருக்கிறதே, இனிமேல் ஒவ்வொரு பாடத்துக்கும் அதுதான் உங்கள் வீட்டுப்பாடம்.

படிகளை எழுதியதும், எதைத் தவறவிட்டால் நோயாளிக்கு ஆபத்து என்று பார்த்து அவற்றுக்கு மட்டும் நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரப் படி ஒன்று தவறினாலும் திரும்பச் செய்ய வேண்டும், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும். அந்தத் தாளை முன்கூட்டியே மாணவிகளிடம் கொடுத்துவிடுங்கள். என்ன பார்த்து மதிப்பெண் போடுவேன் என்பதை மறைத்து வைப்பது பரீட்சை ஆகாது, பூச்சாண்டி. டெமோவையும் இரண்டு தடவை செய்யுங்கள். முதலில் பேசாமல், நிஜ வேகத்தில். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் ஏன் என்று சொல்லி. மூன்றாவது தடவை மாணவி வாயால் சொல்லட்டும், உங்கள் கை அவள் சொன்னதை மட்டும் செய்யட்டும். அவள் ஒரு படியை விட்டால் நீங்களும் நின்றுவிடுங்கள்.

ஆல்ஜினேட் வாரம் வரும்போது ஒரு சின்ன தந்திரம்: தண்ணீரைக் குளிர்ச்சியாக வையுங்கள், இறுகக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். முதல் தடவை எல்லோரும் கிண்ணத்தில் தோசை மாவு மாதிரி கலக்குவார்கள். கரண்டியால் கிண்ணத்தின் சுவரில் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், காற்றுக் குமிழ் போகும். முதலில் கீழ்த்தாடை அச்சு எடுக்க வையுங்கள், ஓங்கரிப்பு குறைவு. அப்புறம் ஒருவர் வாயில் ஒருவர் எடுக்கட்டும். மேல்தாடை அச்சு ட்ரேயோடு தானே ஒரு நிமிடம் உட்கார்ந்தவள் நோயாளியிடம் "மூக்கால மூச்சு விடுங்க" என்று சொல்லும் தொனியே வேறாக இருக்கும்.

எக்ஸ்ரே பாடத்துக்கு நான் எட்மண்ட் கெல்ஸ் கதையிலிருந்து ஆரம்பிப்பேன். நியூ ஆர்லியன்ஸ்காரர். 1885இல் ஒரு பெண்ணை அசிஸ்டன்ட்டாக வைத்துக்கொண்டவர், நம் தொழிலே அங்கிருந்துதான் என்று சொல்வார்கள். பெண் உதவியாளர் இருக்கிறார் என்று தெரிந்தால் பெண் நோயாளிகள் துணைக்கு ஆள் இல்லாமல் வர முடிந்தது. இந்த நாட்டில் பல் எக்ஸ்ரேயை முதலில் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கையையே வைத்துப் பார்ப்பார். கதிர்வீச்சால் விரல்கள் போயின, அப்புறம் கையும் போயிற்று. 1928இல் இறந்தார். இதைச் சொன்ன பிறகு, பட்டனை அழுத்த அறைக்கு வெளியே போகச் சோம்பல்படும் மாணவியை நான் பார்த்ததில்லை.


கோவை_பல்டாக்டர் | மார்ச் 22, மதியம் 2:20 (இந்திய நேரம்)

ஊரிலிருந்து எழுதுகிறேன். பொறாமையாக இருக்கிறது. இங்கே 1948 பல் மருத்துவர் சட்டம் ஹைஜீனிஸ்ட்டுக்கும் மெக்கானிக்குக்கும் (பல்செட் செய்பவர்) பதிவேடு வைத்தது, அசிஸ்டன்ட்டுக்கு வைக்கவில்லை. என் கிளினிக்கில் இருக்கும் அக்கா பத்தாவது படித்தவர், 15 வருடமாக இருக்கிறார். எல்லாம் பார்த்துப் பழகியதுதான். அந்தப் படி எழுதும் தாளை நான் தமிழில் எழுதி அவருக்குக் கொடுக்கப் போகிறேன்.


மூணுமணி_நாற்காலி | மார்ச் 22, இரவு 9:00

டாக்டர், கொடுப்பதற்கு முன்னால் அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். 15 வருடத்தில் உங்களுக்குத் தெரியாத நாலு படி அவருக்குத் தெரிந்திருக்கும்.


பல்லவி_டாலஸ் | ஏப்ரல் 16, இரவு 10:15

சேர்ந்துவிட்டேன்! அந்தச் சொதப்பலுக்குப் பிறகு நானே அவர்களை அழைத்து, திரும்ப ஒரு தடவை எடுக்கிறேன் என்று கேட்டேன். மூன்று மணியில் உட்கார்ந்து எடுத்தேன். இந்தத் தடவை எட்டில் ஆறு பேர் சரியாக மாட்டினார்கள். 3,500 மணி நேர விஷயத்தை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது. ஒருத்தி மட்டும் வேலையில் சேரும் நாளிலிருந்தே மணிக்கணக்கை எழுதி வைக்கிறேன் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். சேர்க்கைப் பிரிவுக்காரர் என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை.

ஒரு சந்தேகம் அக்கா. ஒரு மாணவி இடதுகைப் பழக்கக்காரி. எதைக் கொடுத்தாலும் நான் தப்பாகத்தான் செய்வேன் என்று முன்கூட்டியே பயப்படுகிறாள். அவளுக்கு எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஒன்பது மணியில் உட்கார வைக்கவா?


மூணுமணி_நாற்காலி | ஏப்ரல் 16, இரவு 10:48

வேண்டவே வேண்டாம். எந்தப் பக்கம் உட்காருவது என்பதை முடிவு செய்வது டாக்டரின் கை, அசிஸ்டன்ட்டின் கை இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் வலதுகைக்காரர்கள், அதனால் அவளும் மூன்று மணியில்தான் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்தால் வலது கை சக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். கருவியை எடுத்து, நீட்டி, பழையதைச் சுண்டுவிரலால் வாங்கும் நுணுக்கமான வேலை முழுக்க இடது கைக்கு. மற்ற ஏழு பேரும் மாதக்கணக்கில் பழகப்போவது அவளுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. நாளைக்குக் கருவி கைமாற்றும் டெமோவுக்கு அவளையே முதலில் உட்கார வையுங்கள்.


பல்லவி_டாலஸ் | ஏப்ரல் 17, இரவு 11:05

வைத்தேன். மிரர், எக்ஸ்ப்ளோரர், காட்டன் ப்ளையர், மூன்றும் ஒன்றையொன்று தட்டாமல் கைமாறின. மற்றவர்கள் அவளிடம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் ட்ரேயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.